குடும்பப் பெயர் என்ற கட்டம்

றோஸ்மேரி சூசைதாசனுக்கு நாற்பத்தொரு வயது. ஸ்காபரோவில் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்துவிட்டு வருகிற வேலை. பலமான கை அவளுக்கு. எண்பது கிலோ மனிதரைத் தனியாகவே புரட்டிப் படுக்க வைப்பாள். ஆனால் தபால் பெட்டியைத் திறக்கப் பயம். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் பயம். ஒரே கறுப்பு வான் வண்டி கட்டடத்துக்கு முன்னால் இரண்டு நாள் நின்றால், மூன்றாம் நாள் பின்கதவால் வேலைக்குப் போவாள். அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். ஜோசுவாவோடு மூன்று வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்து பார்த்திருந்தால் அவர்களும் பின்கதவைத்தான் தேடுவார்கள்.

ஜோசுவா அவளைக் கட்டியவன். யூனியன்வில்லில் தன் தமையனுடைய வீட்டின் நிலவறையில் அவளைக் குடிவைத்தான். மேலே தமையன் குடும்பம் சத்தமாக டிவி போட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்த கிழமை, இரண்டு வயது தனுஷிகாவைத் தூக்கிக்கொண்டு, அடிபட்ட பெண்களை ஏற்கிற ஒரு விடுதிக்கு ஓடிப்போனாள். பிறகு குடும்ப நீதிமன்றம் ஒரு ஓடர் போட்டது. பிள்ளை முழுக்கத் தாயின் பொறுப்பு. தகப்பன் பிள்ளையின் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஐந்நூறு மீற்றருக்குள் வரக்கூடாது. ஜோசுவா கொஞ்ச நாள் கத்தித் திரிந்துவிட்டு மேற்கே அல்பேட்டா பக்கம் வேலைக்குப் போய்விட்டான். அதோடு ஏழு வருடம்.

அந்த ஓடர் இப்போது அவளிடம் இல்லை. நாலு வருடத்துக்கு முன் குடியிருந்த வீட்டில் நிலவறைக்குள் தண்ணீர் ஏறி, சூட்கேசுக்குள் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டது. நீதிமன்றத்தில் கேட்டால் இன்னொரு பிரதி தருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்கவில்லை. யாராவது கோப்பைக் கேட்டால் மற்றப் பக்கத்துக்கும் கடிதம் போகும், அதில் தன் புது விலாசம் இருக்கும் என்று ஒரு எண்ணம். யார் சொன்னது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பயம் சொன்னது, அவ்வளவுதான். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நாலு வருடத்தைக் கடத்திவிட்டாள்.

வைகாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அந்த நாலு வருடமும் சேர்ந்து வந்து கதவைத் தட்டியது.

காலை பத்தேகால் இருக்கும். சிவபாதம் என்ற கிழவருக்குச் சட்டை போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். போனில் தனுஷிகாவின் பள்ளிக்கூட நம்பர். போன புரட்டாசியில்தான் அவளை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். பேசியவர் உப அதிபர் அலெக்ஸாண்டர். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார், நல்ல மனிதர். வகுப்பு முழுவதும் மிருகக்காட்சிச் சாலைக்குப் போயிருக்கிறது, பஸ் மூன்று மணிக்குத்தான் திரும்பும் என்றார். 

தனுஷிகாவின் தகப்பன் என்று ஒருவர் வந்திருந்தாராம். பிறப்புச் சான்றிதழின் பிரதியும் சாரதிப் பத்திரமும் காட்டினாராம். மூன்று மணிக்குத் திரும்பி வந்து மகளைக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் கோப்பில் நீதிமன்ற ஓடர் எதுவும் இல்லையே என்றார் அலெக்ஸாண்டர். ஓடர் இருக்கிறது, தண்ணீரில் போய்விட்டது என்றாள் அவள்.  அவர், தான் அவளை நம்புவதாகவும், ஆனால் பேப்பர் இல்லாவிட்டால் சட்டத்தின் முன் இரண்டு பேரும் சமமான பெற்றோர் என்றும், ஒருவருக்காக மற்றவரைத் தன்னால் தடுக்க முடியாது என்றும் சொன்னார்.

இன்னொன்றும் இருந்தது. அந்த மனிதர் ஒரு செய்தி விட்டுப் போயிருக்கிறார், அலுவலகப் பெண் குறிப்புப் புத்தகத்தில் அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறாள். கில்லிக்குச் சொல்லுங்கள், துரை வந்தவர் என்று. அலெக்ஸாண்டர் அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகச் சொன்னார். கே, ஐ, எல், எல், வை. றோஸ்மேரி வேலை நேரத்தாளின் பின்பக்கத்தில் அப்படியே எழுதினாள். முதல் நாலு எழுத்தையும் சேர்த்தால் ஆங்கிலத்தில் கொல் என்று வருகிறது, எங்களுக்குப் பிடிக்கவில்லை, இது கொலை மிரட்டலா என்று அவர் கேட்டார். ஓம், மிரட்டல்தான் என்றாள். அது பொய்யில்லை.

கிளி என்பது அவளுடைய வீட்டுப் பெயர். சின்ன வயதில் ஓயாமல் கதைத்ததால் வீட்டார் வைத்தது. கனடாவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவன் ஒருவன்தான், வீட்டார் துரை என்று கூப்பிடுகிற ஜோசுவா. அறைக்கதவுக்கு வெளியே நின்று, மெதுவாக, கொஞ்சுவது போல, "கிளி, கதவைத் திற" என்பான். திறந்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். திறக்காவிட்டாலும் அதுதான். அந்தப் பெயரை மறக்க அவள் ஏழு வருடம் பாடுபட்டிருக்கிறாள்.

கிழவரின் பொத்தான்களை அவள் மாறி மாறிப் பூட்டியிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ போ பிள்ளை. மிச்சத்தை நான் பூட்டுறன்."

காருக்குள் இருந்து யோசித்தாள். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் காவல் நிற்கலாம். நின்று என்ன செய்வது? பஸ்ஸால் இறங்கும் பிள்ளையின் ஒரு கையை அவள் பிடிக்க, மற்றக் கையை அவன் பிடிப்பான். பொலிஸைக் கூப்பிட்டாலும் பேப்பர் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாலும் அவன் பின்னாலேயே வந்து வீட்டைக் கண்டுபிடித்துவிடுவான். மூன்று மணிக்கு முன் அந்தப் பேப்பர் கையில் இருக்க வேண்டும். வேறு வழியில்லை.

ரொறன்ரோ நகரத்து நீதிமன்றத்துக்குப் போன் எடுத்தாள். இருபத்தைந்து நிமிடம் பியானோ வாசித்துக் காட்டினார்கள். கடைசியில் ஒருவர் வந்து, வழக்குப் போட்டபோது பிள்ளை எங்கே குடியிருந்தது என்று கேட்டார். யூனியன்வில் என்றாள். அது ரொறன்ரோ இல்லை அம்மா, யோர்க் பிராந்தியம், நியூமார்க்கெட்டில் தேடுங்கள் என்றார். நமது ஆட்களுக்கு ஒஷாவாவிலிருந்து மிசிசாகா வரைக்கும் எல்லாமே ரொறன்ரோதான். நீதிமன்றங்கள் அப்படி நினைப்பதில்லை.

404 நெடுஞ்சாலையில் வடக்கே ஓடினாள். வலப்பக்க ஒழுங்கையிலேயே ஓடிப் பழகியவள் அன்றைக்கு இடப்பக்கத்தைப் பிடித்தாள். கண்ணாடியில் கறுப்பு வான் தெரிந்த ஒவ்வொரு முறையும் வேகத்தைக் கூட்டினாள். அவன் பள்ளிக்கூடத்தை எப்படிக் கண்டுபிடித்தான் என்று ஓடும்போதுதான் பிடிபட்டது. தனுஷிகாவுக்குக் கத்தோலிக்கக் கோயிலில் முதல் நன்மை என்ற சடங்கு நடந்த அன்று எடுத்த படத்தை யாரோ கோயில் சனம் முகநூலில் போட்டிருந்தது, பள்ளிக்கூடத்தின் பெயரோடு. அவர்களுக்கென்ன, வாழ்த்தித்தானே போட்டார்கள்.

நீதிமன்ற வாசலில் கைப்பையைச் சோதித்துக் கத்தரிக்கோலை எடுத்து வைத்தார்கள். கிழவர்களின் கட்டுத்துணி வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல். பன்னிரண்டேமுக்காலுக்கு அவளுடைய இலக்கம் வந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு ஓய்வு பெறும் வயது. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். வழக்கு இலக்கம் என்ன என்றாள். தெரியாது. சரி, குடும்பப் பெயர்?

சூசைதாசன் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னாள். அந்தப் பெண் தட்டினாள். இல்லை. ஒரு எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் தட்டினாள். இல்லை. கணவரின் குடும்பப் பெயர்? அருள்நாயகம். இல்லை. ஜோசுவா என்பதே குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கலாமே, உங்கள் ஆட்களில் அப்படி நடப்பதுண்டு என்று அனுபவத்தோடு சொல்லிவிட்டு அதையும் தட்டினாள். இல்லை. உங்களுக்கு வேறு பெயர்கள் உண்டா, முந்திய பெயர், மாற்றிய பெயர்? இல்லை என்றாள் றோஸ்மேரி. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். நிச்சயமாக இந்த நீதிமன்றம்தானா என்று இரக்கத்தோடு கேட்டாள். அந்த இரக்கம்தான் றோஸ்மேரியைக் கலங்கடித்தது.

ஒரு தேடல் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, ஆறுதலாக நிரப்பிக்கொண்டு வரச் சொன்னாள். றோஸ்மேரி வாங்குப் பலகையில் போய் இருந்தாள்.  ஒருவேளை ஓடரே இல்லையோ? ஒரு பெண் நீதவான் இருந்தது, தான் அழுதது, யாரோ தண்ணீர் தந்தது, இதெல்லாம் தானாக நினைத்துக்கொண்டதோ? பயம் ஒரு அளவைத் தாண்டினால் நடந்ததும் நடக்காததும் ஒன்றாகிவிடும். சுவர் மணிக்கூட்டில் ஒன்று பத்து. மூன்று மணிக்கு மஞ்சள் பஸ் வந்து நிற்கும். தனுஷிகா இறங்குவாள். அவளுக்குத் தகப்பனின் முகம் தெரியாது. யார் சிரித்துக் கூப்பிட்டாலும் மரியாதைக்கு "ஹாய் அங்கிள்" என்று கிட்டப் போகிற பிள்ளை.

விண்ணப்பத்தின் முதல் கட்டத்தில் குடும்பப் பெயர் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் மடியில் கிடந்த வேலை நேரத்தாளில் அவளுடைய கையெழுத்தில் கே, ஐ, எல், எல், வை.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விடுதியின் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. அன்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. இடது கை மாவுக்கட்டில். மடியில் பிள்ளை. ஆங்கிலம் அப்போது அரைகுறை. வழக்குப் பத்திரத்தின் கட்டத்தில் குடும்பத்தின் பெயர் என்று கேட்டிருந்தது. குடும்பத்துக்குள் கூப்பிடுகிற பெயரைக் கேட்கிறார்கள், அடையாளம் பிடிக்க உதவும் போல என்று அவள் நினைத்தாள். முதல் கட்டத்தில் றோஸ்மேரி என்று தன் பெயரை எழுதி, அடுத்த கட்டத்தில் கிளி என்று எழுதினாள். அதோடு விட்டாளா? அவனுடைய கட்டத்திலும் அதே நியாயம்தானே. ஜோசுவா என்று எழுதி, குடும்பப் பெயருக்கு அவனை வீட்டில் கூப்பிடுகிற துரையைப் போட்டாள். யாரும் திருத்தவில்லை. இலங்கைப் பெயர்களில் எது எங்கே முடியும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீதவான் அம்மா அன்றைக்கு "மிஸ் கிளி" என்று கூப்பிட்டாள். என்ன பாசமான மனுசி என்று நினைத்து றோஸ்மேரி அதற்கும் அழுதிருந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்கு ஓடினாள். வரிசையில் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். வாயைத் திறந்தால் பெயர் வரவில்லை. அவனுடைய வாயில்தான் அந்தப் பெயர் இவ்வளவு காலமும் இருந்தது. தன் வாயால் சொன்னால் அவன் பின்னால் வந்து நிற்பான் போல இருந்தது. கடைசியில் தாளைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, இதைத் தட்டுங்கள், ஆனால் ஒரு எல், கடைசியில் ஐ என்றாள்.

அந்தப் பெண் தட்டினாள். கழுத்துக் கண்ணாடியைத் திரும்ப மாட்டினாள்.

கிளி எதிர் துரை. இருந்தது.

முழுக் கோப்பும் தூரத்துக் களஞ்சியம் ஒன்றில் இருக்கிறது, வர நாலைந்து நாள் எடுக்கும் என்று அந்தப் பெண் தொடங்கியபோது றோஸ்மேரி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஆனால் ஓடர் மட்டும் கணினியில் இருக்கிறதே என்று அவளே முடித்தாள். பிறந்த திகதியையும் பிள்ளையின் பெயரையும் ஒத்துப் பார்த்தாள். மூன்று பக்கம் அச்சாகி வந்தது. ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினாள். றோஸ்மேரிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நான் இதை எடுத்தது என்று அவனுக்குக் கடிதம் போகுமா என்றாள். அந்தப் பெண் விளங்காமல் பார்த்தாள். யார் கோப்பைப் பார்க்கிறார்கள் என்று நாங்கள் யாருக்கும் எழுதுவதில்லையே என்றாள்.

நாலு வருடம். றோஸ்மேரிக்குத் தன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அதற்கும் நேரமில்லை. கத்தரிக்கோலை வாங்கவும் மறந்து ஓடினாள்.

பள்ளிக்கூட வாசலில் காரை விட்டபோது இரண்டு ஐம்பத்திரண்டு. பஸ் வரவில்லை. அலுவலகக் கதவைத் தள்ளினாள். அவன் உள்ளே கதிரையில் இருந்தான்.

கொஞ்சம் பருத்திருந்தான். தலைமயிர் குறைந்திருந்தது. மடியில் ஒரு பெரிய பொம்மைக் கரடி. வெளியாள் பார்த்தால் பாவம், பிள்ளைக்கு ஏங்கிய தகப்பன். அவளைக் கண்டதும் சிரித்தான். மணிக்கட்டு முறிந்த இடம் உளைந்தது, ஏழு வருடத்துக்குப் பிறகு.

அலெக்ஸாண்டர் அவளுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார். அவள் பேப்பரை நீட்டினாள். மெதுவாக வாசிக்கிற மனிதர். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். முதல் பெயர்கள் பொருந்துகின்றன, ஆனால் உங்கள் சாரதிப் பத்திரத்தில் குடும்பப் பெயர் சூசைதாசன், இதிலே கிளி என்று இருக்கிறது. அவருடையதில் அருள்நாயகம், இதிலே துரை. இது உங்கள் இருவரையும் பற்றியதுதான் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். றோஸ்மேரிக்கு விளக்கம் தெரியும். வீட்டுப் பெயர், கட்டம், மாவுக்கட்டு எல்லாம் நெஞ்சுக்குள் இருந்தன. ஆங்கிலம் ஒன்றும் வரவில்லை. தமிழும் வரவில்லை. சுவர் மணிக்கூட்டில் இரண்டு ஐம்பத்தேழு.

ஜோசுவாவுக்கு அவள் முழித்த முழி போதுமாக இருந்தது. எழும்பினான். அதே மெதுவான குரல்.

"கிளி, உவையளுக்கு ஏன் பேப்பர் காட்டுறாய்? வா, வெளியில நிண்டு கதைப்பம்."

அவளுடைய கால் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. உண்மையாகவே எடுத்து வைத்தது. பழகிய கால். அதை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள்.

அலெக்ஸாண்டர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார். இவர் உங்களை என்னவென்று கூப்பிட்டார் என்றார். அதற்குள் மேசைக்குப் பின்னாலிருந்த அலுவலகப் பெண் குறிப்புப் புத்தகத்தை விரித்துக்கொண்டு எழும்பினாள். காலையில் இதே பெயரைத்தான் இவர் எழுதச் சொன்னவர், தன் பெயர் துரை என்றும் சொன்னவர், நான் அப்படியே எழுதியிருக்கிறேன் என்றாள். பத்து மணி ஐந்து நிமிடம் என்று நேரமும் போட்டிருந்தது.

அலெக்ஸாண்டர் ஓடரின் இரண்டாம் பக்கத்தை வாசித்தார். இந்த முறை வேகமாக. பிறகு அவனைப் பார்த்து, துரை அவர்களே, நீங்கள் ஐந்நூறு மீற்றருக்கு அப்பால் போக வேண்டும், இப்போதே என்றார். அலுவலகப் பெண் பொலிஸுக்குப் போனைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். ஜோசுவா இரண்டு பேரையும் பார்த்தான். கரடியைக் கதிரையில் வைத்தான். றோஸ்மேரியைக் கடந்து போகையில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அலெக்ஸாண்டர் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். அவன் போய்விட்டான்.

மூன்று மணி நாலு நிமிடத்துக்குப் பஸ் வந்தது. தனுஷிகா கையில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட தொப்பியோடு இறங்கினாள். அம்மா ஏன் இங்கே, வேலை இல்லையா என்று கேட்டாள். வேலை முடிந்துவிட்டது என்றாள் றோஸ்மேரி. பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். மிருகங்களின் நாற்றம் அடித்தது. விடவில்லை.

பொலிஸ் வரும்வரை அலுவலகத்துக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அலுவலகப் பெண் கணினியில் ஓடரைப் பதிந்துகொண்டிருந்தாள். உங்கள் விபரத்தில் மறுபெயர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது, அதில் கிளி என்ற இந்தப் பெயரையும் போடவா, அப்போதுதான் இனி யாரும் குழம்பமாட்டார்கள் என்றாள். போடுங்கள் என்றாள் றோஸ்மேரி. அந்தப் பெண் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துகளைத் தட்டத் தொடங்கினாள்.

"ஆர் அம்மா கிளி?" என்றாள் தனுஷிகா.

றோஸ்மேரி கதவைப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

"நான்தான்" என்றாள். பிறகு மேசைப்பக்கம் திரும்பி, ஒரு எல்தான் என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னாள்.

பொலிஸ் கார் வந்து, அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி முடிய நாலு மணியாகிவிட்டது. அலெக்ஸாண்டர் பின்கதவால் விட்டார். ஓடரை இருக்கைக்குக் கீழே வைக்காமல் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற பத்து நிமிடத்தில் கண்ணாடியை நாற்பது தரம் பார்த்தாள். கறுப்பு வான்கள் மூன்று போயின, ஒன்றும் நிற்கவில்லை. பின்னால் தனுஷிகா தொப்பியைப் போட்டுக்கொண்டு, கிளி, கிளி என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.